டீலர் வரைந்த அட்டைப்படம்

வெர்னா கோவாச் டீலர் வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்து முதலில் செய்த காரியம், இரண்டு மணிக்கட்டுகளையும் உறைந்த பட்டாணிப் பையின் மேல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். அப்பாடா என்றிருந்தது. லாஸ் வேகாஸின் பழைய பகுதியில் ஒரு சூதாட்டக் கூடம், அதன் பின்கட்டில் போக்கர் அறை. அங்கே பத்தொன்பது வருஷம் அடுத்தவர்களுக்குச் சீட்டைப் போட்டவள் அவள். அடுத்தவர்கள் விட்ட புகையை மூச்சில் இழுத்து, தோற்றவன் அவள் முகத்தின் மேல் விட்டெறிந்த சீட்டைப் பொறுக்கி அடுக்கி, மறுபடியும் அவனுக்கே சிரித்த முகத்தோடு போட்டாள். போக்கரில் ஜெயிப்பவன் தன் மூளையால் ஜெயிக்கிறான், தோற்பவன் டீலரால் தோற்கிறான். அந்த ஊரில் இதை யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் மணிக்கட்டுதான் அவளைக் காப்பாற்றியது. இனிமேல் சீட்டு வீசினால் பேனாகூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். வெர்னா வழியில் கடையில் நிறுத்தி ஒரு முழு கேக் வாங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு அவளுக்குப் புத்தக அட்டை வரையும் வேலை கொடுத்தவர் ஹெர்ஷல் பின்கஸ். அடகுக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் அவருக்கு ஒரு கடை இருந்தது. முன்பாதி புத்தகக் கடை, பின்பாதி பதிப்பகம், இரண்டுக்கும் நடுவே ஒரு திரை. சூதாட்டத்தைப் பற்றிய புத்தகங்களைத் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். ஹெர்ஷல் அடிக்கடி அவள் மேஜையில் ஆடித் தோற்றவர். ஒருநாள் அவள் இடைவேளையில் காகிதக் கைக்குட்டையில் அவரைப் படம் வரைந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. தன் தொப்பையை இவ்வளவு சரியாக வரைந்தவள் சீட்டையும் சரியாகத்தான் வரைவாள் என்று அதை ஞாபகத்தில் வைத்திருந்தார்.

சீட்டைச் சரியாக வரைகிறவர்கள் கிடைப்பது லேசில்லை. ஹெர்ஷல் அதற்கு முன்னால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு பெரிய கலைஞரைப் பிடித்து வந்திருந்தார். ஆளுக்கு இரண்டே சீட்டு கொடுக்கும் ஆட்டத்தைப் பற்றிய புத்தகத்துக்கு அந்த மனிதர் ஐந்து சீட்டை விசிறி மாதிரி விரித்து வரைந்து தந்தார். பக்கத்தில் அழகுக்கு இரண்டு தாயக்கட்டை. போக்கருக்கும் தாயக்கட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் புத்தகக் கட்டுகள் வெகுநாள் ஹெர்ஷலின் கடைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

ஆகவே தொண்ணூற்று மூன்றில் வெர்னா திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். சாய்வு மேஜை, விளக்கு, தூரிகைகள், முதுகு சாய்க்க மெத்தை வைத்த நாற்காலி. யாரும் அவள் மேல் எதையும் எறியவில்லை. முதல் வாரம் முழுக்க அதை நம்ப முடியாமல் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

பழைய பழக்கம் ஒன்றுதான் விடவில்லை. டீலர்கள் மேஜையைவிட்டுப் போகும்போது ஒருமுறை கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்டவேண்டும். ஒன்றையும் மறைத்து எடுத்துப் போகவில்லை என்று கூரைக் கேமராவுக்குச் சொல்வது அது. வெர்னா கழிப்பறைக்குப் போக எழுந்தால்கூடத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போவாள்.

"இங்க திருட என்ன இருக்கு வெர்னா? வேணும்னா ரெண்டு பென்சில் எடுத்துட்டுப் போ," என்பார் ஹெர்ஷல்.

மூன்று வருஷத்தில் பதினோரு அட்டைகள் வரைந்தாள். ஒன்றிலும் ஒரு பிழை சொல்ல முடியாது. மற்ற பதிப்பகங்கள் அட்டையில் போடும் அபத்தங்களில் ஒன்றையும் அவள் அண்டவிடவில்லை. நீச்சலுடைப் பெண் கிடையாது, தீப்பிடித்து எரியும் சீட்டு கிடையாது, கறுப்புக் கண்ணாடியில் பணம் பிரதிபலிக்கும் முரட்டு ஆசாமி கிடையாது. ஒரே ஜாதியில் பத்து முதல் ஏஸ் வரை வரிசையாக நிற்கும், ராயல் ஃப்ளஷ் என்கிற அந்த ராஜ கை கிடையவே கிடையாது. ஆட்டம் தெரிந்தவன் அதை அட்டையில் பார்த்தாலே, எழுதியவன் நம்மைக் குழந்தை என்று நினைத்துவிட்டான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். வெர்னாவின் படங்களில் மேஜைமேல் விரித்த பச்சைத் துணியின் தேய்மானம்கூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பணத்துக்குப் பதிலாக வைக்கும் பந்தய வில்லைகளின் விளிம்புக் கோடுகளை எண்ணிப் பார்த்து வரைவாள்.

எல்லாம் சரி. புத்தகம்தான் விற்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஆர்லோ டிபெட்ஸின் புத்தகம் வந்தது. ஆர்லோ பழைய தபால்காரர், அறுபது வயது. இருபது வருஷமாகக் காலை ஒன்பது மணிக்குப் போக்கர் மேஜையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போவார். அந்த வருமானத்தில் வீடு கட்டி, இரண்டு பெண்களுக்குக் கல்யாணமும் பண்ணிவிட்டார். அவரிடம் தோற்றவர்கள் ஊரில் பாதிப் பேர். அந்தப் பாதிப் பேரும் அவர் எழுதினால் வாங்கக் காத்திருந்தார்கள். 'காலை ஆட்டம்' என்று பெயர் வைத்து ஒருவழியாக எழுதியும் முடித்தார். நியூயார்க் பதிப்பகம் ஒன்றுகூடக் கேட்டது. ஆர்லோ அதைப் பழகிய மனிதர் என்று ஹெர்ஷலிடம் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அட்டை அவருக்குப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

வெர்னா அதற்காக மூன்று வாரம் உழைத்தாள். நீள்வட்ட மேஜை, சுற்றிலும் ஒன்பது பேர். காலை என்பதால் காபிக் கோப்பைகள், பாதி தின்ற முட்டைத் தட்டு, மடித்த செய்தித்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் கவிழ்த்து வைத்த இரண்டு சீட்டு, நடுவில் திறந்த மூன்று சீட்டு. அதுவரை அவள் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று அவளுக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை ஆர்லோ வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தப்புன்னு ஒண்ணும் இல்ல," என்றார்.

"சந்தோஷம்," என்றாள் வெர்னா.

"ஆனா கை போகல."

"எந்தக் கை?"

"என் கைதாம்மா. கடையில இது கிடந்தா எனக்கு எடுத்துப் பாக்கத் தோணாது. ஏன்னு கேக்காத. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?" தொப்பியை எடுத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை காலைல வர்றேன். அன்னிக்கும் இப்படித்தான்னா, என் காகிதக் கட்ட எடுத்துட்டுப் போயிடுறேன் ஹெர்ஷல். கோவிச்சுக்காத."

அவர் போனதும் ஹெர்ஷல் வயிற்றெரிச்சல் மாத்திரை இரண்டை ஒன்றாக மென்றார்.

"வெர்னா, உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்."

"உன் அட்டையெல்லாம் ஜனங்க பக்கத்துல வந்து பாக்குறாங்க. 'அடடா'ங்குறாங்க. போயிடுறாங்க. மியூசியத்துல பாக்குற மாதிரி. ஆர்லோ புஸ்தகமும் போச்சுன்னா பின்பாதிய மூடவேண்டியதுதான். முன்பாதிக்கு ஒரு ஆள் போதும். அந்த ஆளு நான்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்களாலும் சம்பளம் போட முடியாத நாட்கள் உண்டு. வெர்னா தன் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். ஐம்பத்தொரு வயது. தெரிந்த தொழில் இரண்டு. இது போனால் மறுபடியும் அந்தப் புகைக்குள், அந்த வசவுக்குள், கை வீங்கி விழும்வரை சீட்டுப் போட வேண்டியதுதான். அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. அன்றிரவு பட்டாணிப் பையை எடுத்து, வலி இல்லாமலே கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் திரைக்குப் பின்னால் நின்று கடைக்கு வருகிறவர்களை வேவு பார்த்தாள். லாரி ஓட்டுநர் தொப்பி போட்ட ஒருவர் அவளுடைய அட்டை ஒன்றின் அருகே வந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ரசித்தார். பிறகு நகர்ந்து போய் வேறொன்றை எடுத்தார். அந்தப் புத்தகத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கேவலமான அட்டையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மஞ்சள் எழுத்து, ஊதாப் பின்னணி, நடுவில் இரண்டு சீட்டைப் பிடித்த ஒரு கை. அந்தக் கட்டைவிரல் ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. அவர் அதை எடுத்தார், புரட்டினார், வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். அன்று மட்டும் அந்த ரொட்டி விரல் நாலு பிரதி விற்றது. வெர்னாவுக்கு வயிறு எரிந்தது.

புதன்கிழமை காலை, வரைபட நோட்டோடு பழைய போக்கர் அறைக்கே போனாள். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். காலை நேரத்துக்கு அங்கே பொறுப்பாக இருந்தவள் மரிபெல், அவளோடு சேர்ந்து டீலராக இருந்தவள்.

"நோட்டு, பேனா, படமெல்லாம் இங்க ஆகாதுன்னு தெரியாதா உனக்கு?" என்றாள் மரிபெல். "மேஜைகிட்ட நிக்கக்கூடாது. பாக்கணும்னா உக்காந்து ஆடு."

"நானா? நான் ஒரு தடவகூட ஆடினதில்லையே மரிபெல்."

"பத்தொம்போது வருஷம் ஓட்டல்ல சமைச்சுட்டு, ஒரு வாய் சாப்பிட்டதில்லைங்குற. வெக்கமா இல்ல? மூணாம் நாற்காலி காலியா இருக்கு. போ."

ஆர்லோ மாதிரி ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்காத, இருப்பதிலேயே சின்னப் பந்தயம் அது. காலையில் பென்ஷன்காரர்கள் பொழுதுபோக்க உட்காரும் மேஜை. வெர்னா மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆக்னஸ் என்ற பெண்மணி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் சிகரெட் பெட்டி. எதிரே சீட்டுப் போடுகிறவன் ஒரு மீசைக்காரன். இரண்டு சீட்டு பச்சைத் துணியில் வழுக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றன.

வெர்னா இரண்டையும் எடுத்து, கடிதம் படிக்கிறவள் மாதிரி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஏம்மா, எனக்கும் சேத்துக் காட்டுறியே, உனக்குத்தான் எவ்ளோ நல்ல மனசு!" என்றாள் ஆக்னஸ். "எட்டும் மூணும். தூக்கி எறி, தரித்திரம்."

மேஜையே சிரித்தது. வெர்னாவின் காது மடல்கள் சூடாகின. பல லட்சம் சீட்டுகளைப் பிழையில்லாமல் போட்ட கை, தனக்கு வந்த இரண்டைப் பார்க்கத் தெரியாமல் திருதிருவென்று விழித்தது. தனக்கென்று ஒரு சீட்டு அதற்கு முன்னால் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த முறை சீட்டு வந்தபோது, தினமும் அந்த மேஜையைச் சுற்றி எல்லோரும் செய்ததை அவளும் செய்தாள். இடது கையைச் சுவர் மாதிரி வளைத்து வைத்தாள். வலது கட்டைவிரலால் சீட்டின் மூலையை மட்டும், நகத்தளவு, தூக்கினாள். டைமன் ஒன்பது. அதன் அடியில் இரண்டாவது சீட்டின் ஓரத்தில் கறுப்பாக ஒரு வளைவு. என்ன அது? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு, காபி விலைகூடப் பெறாத பந்தயத்துக்கு, ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். கிளாவர் நாலு. ஒன்றுக்கும் உதவாத சீட்டு.

இந்த மீசைக்காரன் என்னதான் சீட்டுப் போடுகிறான் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான். வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளாக இவர்கள் தன்னைத் திட்டியதெல்லாம் இதுதானா! இவ்வளவு சின்ன விஷயமா? பல வருஷக் கசப்பு ஒன்று அங்கேயே கழன்று விழுந்தது.

சீட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவள், ஆட்டம் நடக்கும்போது மேஜையைச் சுற்றி ஆட்களை எண்ணினாள். வரைகிறவளுக்கு எதையும் எண்ணும் வழக்கம் உண்டு. எட்டு ஆட்டக்காரர்கள், ஒரு டீலர். மறுபடியும் எண்ணினாள். ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்தான், ஏனென்றால் ஒன்பதாவது ஆள் அவளே.

அவள் வரைந்த படத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரையும் எதிரே வைத்துப் பார்க்க முடிகிற நாற்காலி அந்த மேஜையில் ஒன்றே ஒன்றுதான், டீலருடையது. அவள் படத்தைப் பார்க்கிறவனை அவள் அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தாள். எல்லோர் முன்னாலும் இரண்டு சீட்டு இருக்கிறது, புத்தகத்தை வாங்க வந்தவன் முன்னால் மட்டும் ஒன்றும் இல்லை. பதினோரு அட்டைகளிலும் அதேதான். அவனுக்கு எப்படிக் கை போகும்? அந்தக் கேவலமான ரொட்டி விரல், வாங்க வந்தவனுடைய விரலாக அல்லவா இருந்தது!

சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் கையைத் தட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கூரைக்குக் காட்டினாள்.

"டீலரம்மா கெளம்பிட்டாங்கப்பா!" என்று ஆக்னஸ் குழாய் ஆட ஆடச் சிரித்தாள். "அடுத்த டீலரக் கூப்பிடுங்க!"

வாசலில் மரிபெல், "ஜெயிச்சியா தோத்தியா?" என்று கேட்டாள். வெர்னா அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமை, விளக்குக்கு முன்னால் தன் இடது கையையே வளைத்து வைத்துக்கொண்டு வலது கையால் வரைந்தாள். ஆள் இல்லை, மேஜை விளிம்பு இல்லை, வில்லை இல்லை, முட்டைத் தட்டும் இல்லை. மேலிருந்து பார்க்கும்போது தெரிகிற இரண்டு கைகள் மட்டும். அவற்றுக்குள் கவிழ்ந்த இரண்டு சீட்டு. கட்டைவிரல் தூக்கிய மூலையில் சிவப்பு ஒன்பது, அதன் கீழே மயிரிழையாக ஒரு கறுப்பு வளைவு. புத்தகத்தின் பெயர் மேலே சின்னதாக. மூன்று வாரம் பிடித்த முந்தைய படம் எங்கே, இது ஒரே பகலில் முடிந்துவிட்டது.

ஹெர்ஷல் பார்த்தார். மாத்திரையைத் தேடினார்.

"என்னம்மா இது, சீட்டே தெரியல?"

"தெரியக்கூடாது ஹெர்ஷல்."

"முகம் இல்ல, பணம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் வெர்னா. அது பொய்யில்லை. யோசனை சரி என்று அவளுக்குத் தெரியும், ஆனால் யோசனை சரியாக இருந்த எத்தனையோ பேர் வெறுங்கையோடு எழுந்து போனதை அவள் அந்த மேஜையிலேயே பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஆர்லோ வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு அவருக்கு ஆட்டம் உண்டு. வெர்னா அட்டையை எழுதாத காகிதக் கட்டு ஒன்றின் மேல் சுற்றி, நிஜப் புத்தகம் மாதிரியே ஆக்கி, அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். ஹெர்ஷல் ஒரு பக்கம், வெர்னா எதிரே. அடகுக் கடைக்காரன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

ஆர்லோ குனிந்தார். புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை. அவருடைய இடது கை மெதுவாக வந்து, வளைந்து, அட்டையின் பக்கத்தில் சுவராக நின்றது. வலது கட்டைவிரல் ஊர்ந்து போய் அட்டையின் கீழ் மூலைக்கு அடியில் நுழைந்தது. நகத்தளவு தூக்கினார். தலையை இன்னும் தாழ்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஹெர்ஷலுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கமாகத் தலையை நீட்டி, "என்ன ஆர்லோ? எப்படி இருக்கு?" என்றார்.

ஆர்லோ இடது கையை இன்னும் நெருக்கி அட்டையை மறைத்துக்கொண்டார். நிமிராமலே சொன்னார்.

"உன் சீட்ட நீ பாரு."

பிறகு ஆர்லோவே தன் கைகளைப் பார்த்தார். கட்டைவிரல் தூக்கியிருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். ஹெர்ஷல் முதலில் சிரித்தார், மூச்சு முட்ட, மேஜையைத் தட்டித் தட்டி. ஆர்லோவுக்கும் தோள் குலுங்கியது. வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. போகவேண்டாம். அந்தப் புகைக்குள் இனிமேல் போகவே வேண்டாம்.

"அந்த ரெண்டாவது சீட்டு என்னது?" என்று கேட்டார் ஆர்லோ.

"கடைக்கு வர்றவங்களும் அதத்தான் கேக்கணும்."

"எங்கிட்டயாவது சொல்லும்மா. ஆட்டத்துக்குப் போறேன், மண்டையில இதுவே ஓடிட்டிருக்கும்."

"மாட்டேன்."

அவர் அவள் கைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்தக் கை எனக்குத் தெரியுமே. பழைய டவுன்ல சீட்டுப் போட்ட கைதானே? அட கடவுளே. உன்ன எத்தன தடவ திட்டியிருக்கேன்!"

"ஒரு தடவயாவது முகத்தப் பாத்திருந்தா திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கும்," என்றாள் வெர்னா. "பரவால்ல. புதன்கிழமை நானும் ஒரு டீலரத் திட்டிட்டேன்."

ஆர்லோ தொப்பியை மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் பிரதிக் கட்டு ஹெர்ஷலின் மேஜையிலேயே இருந்தது, அவர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெர்ஷல் அவரை வழியனுப்ப வாசல்வரை போனார். வெர்னா காபி எடுத்துவர எழுந்தாள். கைகள் இரண்டும் தட்டிக் காட்டுவதற்குத் தாமாகவே உயர்ந்தன. இந்த மேஜையைவிட்டு எங்கே போகப்போகிறோம் என்று நினைத்து, அவற்றை இறக்கிக்கொண்டாள்.